5 டிகிரி எப்படி 8 ஆனது?

நொய்யல்கரை:
பழைய ரெக்கார்டு ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “1 மீட்டர் ஊசலை 5 டிகிரியில் விட்டால், மாணவன் இலவசக் கணக்கீட்டு மென்பொருளான சைலேபில் எழுதிய நிரல் 10 விநாடியில் 8 டிகிரி காட்டுகிறது. இலவசத்தின் லட்சணம் இதுதான். காசு கொடுத்து வாங்கும் மேட்லேபில் செய்யாதவனுக்குப் பாதி மதிப்பெண்” என்கிறார். ஐயா, பையன் பழைய கோணம், பழைய வேகம் இரண்டையும் வைத்தே அடுத்த படிக்குத் தாவுகிறான். அது ஆய்லர் முறை. படி 0.01 விநாடி என்றால், ஒவ்வொரு படியிலும் ஆற்றல் 1.000981 மடங்காகும். 1,000 படியில் 2.67 மடங்கு. ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது; வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், 5 டிகிரி 8.16 ஆகும். அதே வரிகளை மேட்லேபில் போட்டாலும் அதே 8.16தான்.

பழைய ரெக்கார்டு:
தம்பி, 31 வருடம் செய்முறை வகுப்பு எடுத்தவன் நான். நூலில் ஆடும் குண்டின் வீச்சு குறையும். கூடி நான் கண்டதில்லை. 8 தவறா, இல்லையா?

நொய்யல்கரை:
தவறுதான். முறையின் தவறு.

பழைய ரெக்கார்டு:
ஆக, தவறு என்று ஒப்புக்கொண்டீர்கள். மேட்லேபில் எனக்கு 5 வந்தது.

நொய்யல்கரை:
நீங்கள் மேட்லேபின் ஆயத்தக் கட்டளையான ஓடிஇ45ஐ அழைத்திருப்பீர்கள். அது ரங்கே-குட்டா என்ற, இன்னும் துல்லியமான வழி. பையனிடம் மட்டும் ஆய்லரைக் கேட்டுவிட்டு மென்பொருளைத் திட்டினால் எப்படி? சைலேபிலும் அதுபோல ஓடிஇ என்ற கட்டளை இருக்கிறது.

பொள்ளாச்சி அம்மணி:
ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் கட்டிய தூரி, யாரும் உந்தாமலே மேலே மேலே போனால் கயிறு விற்ற கடைக்காரரிடமா சண்டைக்குப் போவோம்? படியை 0.001 ஆக்கச் சொல்லுங்கள்.

பழைய ரெக்கார்டு:
ஆக்கியாயிற்று. 5.25. அதுவும் 5 இல்லையே!

சென்னிமலையான்:
தூரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஊஞ்சல் என்று எழுதுங்கள் அம்மணி.

பொள்ளாச்சி அம்மணி:
ஊஞ்சல் கூடத்தில் பலகையோடு தொங்குவது. தூரி மரத்தில் கட்டுவது. சென்னிமலையில் மரமே இல்லையா?

சென்னிமலையான்:
தறியைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரியாது, மன்னியுங்கள். நிரலில் கோணத்துக்கும் வேகத்துக்குமான இரண்டு வரியை இடம் மாற்றினால் தீர்ந்தது. இதற்கு இத்தனை பேச்சா?

நொய்யல்கரை:
இடம் மாற்றினால் மட்டும் போதாது! முதலில் புதிய வேகம். பிறகு கோணத்தை அந்தப் புதிய வேகத்தால் நகர்த்த வேண்டும். இதை இயற்பியலாளர் குரோமர் 1981இல் கட்டுரையாகவே எழுதினார். பையன் கோணத்தின் வரியில் பழைய வேகத்தையே விட்டுவைத்தால், இடம் மாற்றியும் 8.16தான் வரும்.

சென்னிமலையான்:
இதைத்தானே நானும் சொன்னேன்.

நொய்யல்கரை:
நீங்கள் சொன்னது வேறு. போன மார்கழியில் என் வெர்னியர் கேள்விக்கும் இப்படித்தான் அரைகுறையாகச் சொல்லி என்னை அலையவிட்டீர்கள்.

பழைய ரெக்கார்டு:
அதெல்லாம் இருக்கட்டும். 8 தவறுதானே?

நொய்யல்கரை:
ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை வருகிறேன் ஐயா. உங்கள் மேட்லேபிலேயே அந்த 8.16ஐ வரவழைத்துக் காட்டுகிறேன்.

பழைய ரெக்கார்டு:
வாருங்கள் தம்பி. நூலும் குண்டும் எடுத்து வைக்கிறேன். மதிப்பெண் பாதிதான்.