எச்.எம்.வி. 102 கிராமபோன்: வேகக் கட்டுப்பாட்டு வில்தகடு குறித்து உதவி தேவை

1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பின்னர் மட்டக்களப்பு ஆரையம்பதி வீட்டில் கவனிப்பாரற்றுக் கிடந்த அம்மப்பாவின் எச்.எம்.வி. 102 கைப்பெட்டிக் கிராமபோனைக் கடந்த தை மாதம் முதல் திருத்தி வருகிறேன். சாவி முழுதாக ஏறுகிறது. ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்றில் நிலைக்க வேண்டிய தட்டு ஒரே சீராக ஓடாததால், பாடகரின் குரல் ஏறியும் இறங்கியும் கேட்கிறது, மோட்டாரும் அதிர்கிறது.

மோட்டாரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, சுருள்வில் உறையில் மெழுகுபோல் இறுகியிருந்த பழைய கிறீஸை அகற்றிக் கிராபைட் கிறீஸ் இட்டேன். சுருள்வில்லில் வெடிப்பில்லை. பழுது வேகக் கட்டுப்பாட்டிலேயே உள்ளது: சுழலும்போது வெளிநோக்கி விரிந்து வேகத்தைச் சீராக்கும் மூன்று எடைகளைத் தாங்கும் மெல்லிய வில்தகடுகளில் ஒன்று, திருகாணித் துளையின் ஓரத்தில், பச்சைக் களிம்பு படிந்த இடத்தில் முறிந்துள்ளது. உப்புக்காற்றே காரணம் என நினைக்கிறேன். பழைய சுவர்க்கடிகாரத்தின் வில்லை வெட்டிப் பொருத்தினேன்; அது தடிப்பானதால் அந்த எடை மட்டும் குறைவாக விரிந்து அதிர்வு கூடியது. நகரில் மணிக்கூடு திருத்துபவர்களிடமும் பொருத்தமான தகடு இல்லை. ஒலிப்பெட்டியின் (ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் பகுதி) இறுகிய இறப்பர் வளையத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே தடிப்புள்ள மூன்று வில்தகடுகளை மட்டக்களப்பிலோ கொழும்பிலோ எங்கு வாங்கலாம், அல்லது யாரிடம் செய்விக்கலாம்?