கம்பியில குத்தி வெச்ச ரங்கூன் கடுதாசிங்க, எப்படி பாதுகாக்கறது?

திருப்பத்தூர்காரி:
ஊர்ல பழைய வீட்டுப் பரண சுத்தம் பண்றப்ப எங்க ஐயா ரங்கூன்ல இருந்து அப்பத்தாவுக்கு எழுதின கடுதாசிங்க கெடச்சுது, 1936ல இருந்து 1941 வரைக்கும், ஒரு நூறு இருக்கும், எல்லாமே கொக்கிக் கம்பியில குத்தி வெச்சது. கம்பி முழுக்க துரு, ஒவ்வொரு தாள்லயும் நடுவுல ஓட்டை, அதைச் சுத்தி செவப்பா வட்டம். கல்யாணம் பேசி முடிச்ச கடுதாசில நாலு மூலையிலயும் தடவின மஞ்சள் இன்னும் அப்படியே இருக்கு, பாத்ததும் அழுதுட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் லேமினேட் பண்ணிரலாம்ங்கறார், பண்ணலாமா?

காகிதப்பூ:
வேண்டவே வேண்டாம் அக்கா. சூட்டுல பிளாஸ்டிக் தாளோட ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் ஒட்டாதீங்க, எங்கப்பா கடுதாசில நான் ஒட்டினது இப்ப டேப் உதிர்ந்துபோய் பசை மட்டும் பழுப்பா எழுத்து மேல நிக்குது.

பழையதாள்:
காப்பகத்துல வேலை பாத்தவன்ங்கற முறையில சொல்றேன்மா, கம்பியில இருக்கற வரிசை உங்க அப்பத்தா வெச்ச வரிசை, அதைக் கலைச்சிராதீங்க. அடியில இருக்கறது முதல்ல வந்தது. தேதி போடாத கடுதாசி எப்ப வந்துச்சுன்னு மேலயும் கீழயும் இருக்கறத வெச்சுதான் சொல்ல முடியும். கம்பிய உருவினா துரு பிடிச்ச இடத்துல தாள் கிழியும், கட்டிங் பிளேயரால கம்பியத் துண்டு துண்டா வெட்டிக்கிட்டே ஒவ்வொண்ணா எடுங்க, எடுக்க எடுக்க பின்பக்க மூலையில மெல்லிசா பென்சில்ல நம்பர் போடுங்க. ஈரத்துணி படவே கூடாது, மசி கரைஞ்சிரும். ஆசிட் ஃப்ரீ (தாளை அரிக்கிற அமிலம் இல்லாத) பேப்பர் கவர்ல மடிப்பு பிரிச்சு வெச்சு பீரோ நடுத்தட்டுல வைங்க, பரண் வேண்டாம். 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு, அதுக்கு முந்தின மாசக் கடுதாசிங்க ரொம்ப முக்கியம்மா, போர்க்காலத்துல கடுதாசியப் பிரிச்சுப் படிச்சுட்டு சர்க்கார் ஒட்டின சென்சார் சீட்டோட கவர் இருந்தா அந்தச் சீட்டைப் பிரிக்காதீங்க.

காகிதப்பூ:
ஸ்கேன் பண்றப்ப கலர்ல, 600 டிபிஐல, ரெண்டு பக்கமும் எடுங்க. போன் ஆப்ல எடுத்தா அது கருப்பு வெள்ளையா மாத்தி மஞ்சளையே அழிச்சிரும். உ.வே.சா. தனக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேல கடிதங்களை எடுத்து வெச்சிருந்ததாலதான் இன்னைக்கு நாம படிக்க முடியுது.

திருப்பத்தூர்காரி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு பதினொண்ணு கழட்டினோம், ஒண்ணும் கிழியல. எல்லாத்துக்கும் மேல இருந்தது நவம்பர் 41, "கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை"ன்னு எழுதியிருக்காக.