சுருட்டை முடி, உப்புத் தண்ணீர்: எந்த ஷாம்பு வாங்கலாம்?

என் மகளுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. ஈரத்தில் அழகாகச் சுருண்டு நிற்கும், காய்ந்ததும் பரட்டையாகப் பறக்கும். நாங்கள் தேவகோட்டைப் பக்கம். வீட்டில் போர் தண்ணீர்தான், வாளியெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். மழை பெய்தால் மாமியார் முற்றத்தில் அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள். அந்தத் தண்ணீரில் அலசினால் அதே முடி மெத்தென்று இருக்கிறது! கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சல்பேட் (அழுக்கை வலுவாக எடுக்கும் நுரைப் பொருள்) இல்லாத ஷாம்பு சுருட்டை முடியை அவ்வளவாக உலர்த்தாது, சரி. ஆனால் இந்த உப்புப் படிவை அது எடுக்குமா? கால்சியம் போன்றவற்றைப் பிடித்து அகற்றும் ஈடிடிஏ சேர்ந்த ஷாம்புவை இடையிடையே போடுகிறவர்கள் இருக்கிறீர்களா? கண்டிஷனரில் டைமெதிகோன் போன்ற சிலிகான் இருந்தால் தண்ணீரில் கரையாது, மென்மையான ஷாம்புவுக்கும் எளிதில் போகாது. அது இல்லாததாக ஒன்று சொல்லுங்கள். காரைக்குடிக் கடைகளில் கிடைத்தால் நல்லது, 500 ரூபாய்க்குள்.

ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய ஜெல்லும் தடவிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஃபிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்? மாமியார் கட்சி சீயக்காய்தான். சுருட்டை முடிக்கு அது ஒத்துவந்தவர்கள் எப்படிக் கலக்குகிறீர்கள்?

பள்ளிக்கு இரட்டைச் சடை கட்டாயம், அதையும் கணக்கில் வையுங்கள். ஸ்ட்ரெய்ட்டனிங் செய்யச் சொல்லி மட்டும் யாரும் வராதீர்கள், அதைப் பார்லரிலேயே கேட்டாயிற்று.