ஊருக்கு ஓர் ஆர்.ஓ. நிலையமா, வீட்டுக்கு ஒரு குழாயா?

ஊற்றுக்கண்:
குழாய்த் திட்டம் முடியும்வரை கிராம மக்கள் பொறுத்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டி, வீடுதோறும் இணைப்புக் கொடுப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்; நுண்துளைச் சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பையும் மாசையும் பிரிக்கும் ஆர்.ஓ. நிலையத்தையோ சில வாரங்களில் இயக்கத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். மேலும், நிலத்தடி நீரில் கரைந்து பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஊரில் (உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு அதுதான்) எத்தனை குளோரின் போட்டாலும் அது குறையாது. பிள்ளைகளின் பல்லில் கறை ஏறிய பிறகு குழாய் வந்து என்ன பயன்?

கடைமடை:
ஃபுளோரைடு மிகுந்த ஊருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அதையே எல்லா ஊருக்கும் மருந்தாக எழுதிக் கொடுப்பதைத்தான் மறுக்கிறேன். ஆர்.ஓ. சவ்வு கிருமிகளையும் தடுத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் வெளிவரும் நீரில், பிறகு சேரும் கிருமியைக் கொல்ல எஞ்சிய குளோரின் துளியும் இருக்காது. அந்த நீரைக் குடத்தில் பிடித்து, இடுப்பில் சுமந்து, வீட்டுப் பானையில் ஊற்றி, டம்ளரை விரலோடு முக்கி மொள்ளும்போது, நிலையத்தில் செய்த சுத்திகரிப்பு அத்தனையும் ஒரு நகக்கண் அழுக்கில் வீணாகிவிடும். போதாக்குறைக்கு, உள்ளே போகும் நீரில் பாதியோ அதற்கு மேலோ உப்பு செறிந்த கழிவாக வெளியேறுகிறது. அதை எங்கே விடுவது என்று நிலையம் திறக்கும் நாளில் யாரும் கேட்பதில்லை.

ஊற்றுக்கண்:
குழாய் நீர் மட்டும் யோக்கியமா? இடைவிட்டு நீர் வரும் குழாயில், அழுத்தம் விழுந்த நேரத்தில் விரிசல் வழியே அக்கம்பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. குடிநீர் வீட்டு வளாகத்திலேயே, வேண்டிய நேரத்தில், மாசின்றிக் கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த அளவுகோல். என் நிலையம் முதல் நிபந்தனையில் தோற்றால், உங்கள் குழாய் மற்ற இரண்டிலும் தோற்கிறது.

தொட்டிக்காவல்:
சில ஆண்டுகளாகக் குடிநீர்த் தொட்டி ஒன்றை இயக்கி வருகிறேன். இருவரும் எட்டிப் பார்க்காத இடத்தைச் சொல்கிறேன். 10,000 லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 20 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் 25 விழுக்காடு குளோரின் இருந்தால் 80 கிராம் பவுடர் போதும். ஆனால் வாயைக் கட்டாத மூட்டையில் குளோரின் பறந்து 10 விழுக்காடாக இறங்கியிருந்தால், அதே 80 கிராமில் கிடைப்பது வெறும் 8 கிராம்தான். பதிவேட்டில் என்னவோ நாள் தவறாமல் ‘80 கிராம்’ என்றே இருக்கும். அதனால் நான் பதிவேட்டை நம்புவதில்லை. பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டு, கடைசி வீட்டுக் குழாயில் நீர் பிடித்து, எஞ்சிய குளோரினைக் காட்டும் சோதனை மாத்திரை போட்டுப் பார்ப்பேன். இளஞ்சிவப்பு நிறம் வந்து, நிற அட்டையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் காட்டினால்தான் அன்றைய வேலை முடிந்தது. ஒருமுறை நிறமே வரவில்லை. தேடிப் போனால் வழியில் ஒரு வால்வுக்குழி கழிவுநீரில் மூழ்கிக் கிடந்தது.

கடைமடை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்: முதலில் சோதனை, பிறகு கருவி. வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தவிர்க்க 1970களிலிருந்து குழாய்க் கிணறுகளைப் பெருமளவில் இறக்கினார்கள். அந்தக் கிணற்று நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993இல்தான் உறுதியானது. பிறகு கிணறுகளைச் சோதித்து, கூடாதவற்றுக்குச் சிவப்பும் குடிக்கத்தக்கவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். பல குடும்பங்கள் எந்த இயந்திரமும் வாங்காமல், பக்கத்துப் பச்சைக் கிணற்றுக்கு மாறின.

ஊற்றுக்கண்:
சோதனை முதலில் என்பதை ஏற்கிறேன். பச்சைக் கிணறே இல்லாத ஊரில் மட்டும் ஆர்.ஓ. என்று என் கூற்றைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆனால், தொட்டிக்காவல் அவர்களே, உங்கள் சோதனை மாத்திரை தீர்ந்துபோனால் யார் வாங்கித் தருகிறார்கள்?

தொட்டிக்காவல்:
எழுதிக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கையில் இருப்பது நான் வாங்கியது.