மறு: தண்டவாளம் பெயர்த்த பாதைக்கு ஒரு சொல் – 'வெறுந்தடம்'

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'கைவிடப்பட்ட இருப்புப்பாதை' என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் அண்ணே. ஆனால் ரயில் ஓடாமல் துருப்பிடித்துக் கிடக்கும் தண்டவாளத்துக்கும் அதே பெயர்தான் வரும். நாம் பெயர் தேடுவது தண்டவாளம், அதைத் தாங்கும் கட்டை, சில இடங்களில் சல்லிகூட அள்ளிய பிறகு எஞ்சி நிற்கும் தரைக்கு. இரும்பே போன பிறகு அதை இருப்புப்பாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போடி லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் மீட்டர்கேஜ் ரயில் போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மறுபடி நிறுத்தினார்கள். தேனிக்கு 2022-ல், போடிக்கு 2023-ல்தான் ரயில் திரும்பியது. ஒரே தடம் இரண்டு முறை இரும்பை இழந்து இரண்டு முறையும் திரும்பப் பெற்றிருக்கிறது. 'கைவிடப்பட்ட' என்றால் கதையே முடிந்துபோன மாதிரி ஒலிக்கிறது.

ரயில் இல்லாத அந்த ஆண்டுகளில் ஒருநாள் நானும் தம்பியும் உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் அதன் மேல் நடந்தோம். காட்டு வெளியில் ஆள் உயரத்துக்கு மண்கரையாகப் போகும். ஓடை குறுக்கிட்டால் சின்னக் கல்பாலம். கணவாயில் பாறையை வெட்டி உள்ளே இறங்கிவிடும், இரண்டு பக்கமும் பாறைச் சுவர். கருவேலம் அடைத்துக் கிடந்தாலும் மூச்சு வாங்கவில்லை. ரயில் ஏறுவதற்கான ஏற்றம் அவ்வளவு மெதுவானது. ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், "லைன்மேட்டு மேலேயே போங்கப்பா" என்றார். 'லைன்மேடு' எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் கணவாயில் அது மேடு இல்லையே, பள்ளம். நமக்கு வேண்டிய சொல் கரை, வெட்டு, சமதரை மூன்றுக்கும் பொருந்த வேண்டும்.

> அப்படியானால் 'தடப்படுக்கை'?

மதுரைப் பக்கம் பாறையும் படுக்கையும் சேர்ந்து வந்தால் கீழவளவு, அரிட்டாபட்டியில் சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய சமணர் படுக்கைகள்தான் நினைவுக்கு வரும். அது போக, தண்டவாளம் மேலே இருந்தாலும் கீழே இருப்பது படுக்கைதான். இரும்பு போய்விட்டது என்ற செய்தி அந்தச் சொல்லில் இல்லை.

அதனால்தான் 'வெறுந்தடம்' என்கிறேன். வெறுங்கை, வெறுங்கால், வெறுந்தரை எல்லாம் நாம் அன்றாடம் சொல்பவை. செருப்பில்லாத கால் வெறுங்கால். தண்டவாளம் இல்லாத தடம் வெறுந்தடம். செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ள முடிகிற மாதிரி, போடி லைனில் நடந்ததற்கும் இந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

வேறு இடத்திலும் வைத்துப் பார்த்தேன். போடிக்கு மேலே, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-லிருந்து இரண்டடி அகல ரயில். 1924 வெள்ளம் அதை அழித்துவிட்டது. வெள்ளம் மண்ணையே அரித்துக்கொண்டு போன இடத்தை வெறுந்தடம் என்று சொல்ல முடியாது, கரை நிற்கும் இடத்தைச் சொல்லலாம். டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்குத் தேயிலை இறக்கிய கயிற்றுப்பாதைக்குத் தரையில் தடமே கிடையாது, அதன் எச்சங்களுக்கு வேறு சொல்தான் பார்க்க வேண்டும்.

இதே மாதிரி, மேலூர்ப் பக்கம் நின்றுபோன கிரானைட் குவாரிகளுக்கு 'வெறுங்குவாரி' என்றால் ஒட்டாது, பலவற்றில் தண்ணீர் நிற்கிறது. பள்ளம் என்ற பொருளில் 'கிடங்கு' பழைய சொல். 'கல்கிடங்கு' சரி வருமா என்று தனி இழையில் பேசுவோம்.

அப்புறம், கரைக்குத் 'தடக்கரை', பாறை வெட்டுக்குத் 'தடவெட்டு' என்று உட்பிரிவாக வைக்கலாமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு 'வெறுந்தடம்' உட்பட மூன்றையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.