‘தானியங்கி வானிலை அறிக்கை’ பொருந்துமா?

வணக்கம்.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இல்லாத நேரத்தில் கருவியே அளந்து ஒலிபரப்ப, விமானி வானொலியில் கேட்கும் வானிலைத் தகவலுக்கு (ஆவோஸ், AWOS) இந்தக் கலைச்சொல் அகராதியில் முன்மொழியப்பட்டுள்ள ‘தானியங்கி வானிலை அறிக்கை’ என்ற தொடரை ஏற்கத் தயங்குகிறேன்.

முதலில் ‘அறிக்கை’. கடலூரிலோ புதுச்சேரியிலோ வானிலை அறிக்கை என்றால், நாளை மழை உண்டா, துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்றுதான் கேட்போம். இறங்கப்போகும் விமானிக்கு வேண்டியது முன்னறிவிப்பு அன்று. இந்த நிமிடத்தில் ஓடுபாதையில் வீசும் காற்றின் திசையும் வேகமும், பார்வைத் தொலைவும், மேகத்தளத்தின் உயரமும், காற்றழுத்தமுமே. அணை நிலவரம், சந்தை நிலவரம் என்று நாளிதழ்கள் எழுதும் பொருளில் ‘நிலவரம்’ இங்கே சரியாக அமர்கிறது.

‘தானியங்கி’தான் பெரிய சிக்கல். கோபுரம் இயங்கும்போது ஒலிக்கும் ஏடிஸ் (ATIS, Automatic Terminal Information Service) சேவையின் முழுப்பெயரிலேயே தானியங்கி என்ற சொல் உண்டு. ஆனால் அங்கே தானாக நடப்பது, பதிவு செய்த செய்தி திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான். பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை எது என்பது போன்ற, கட்டுப்பாட்டாளரின் முடிவுகளும் அதில் அடங்கும். ஆவோஸ் அப்படியன்று, அளப்பதும் சொல்வதும் கருவியே. அமெரிக்காவில் பகுதிநேரக் கோபுரம் உள்ள சில நிலையங்களில், கோபுரம் மூடியபின் ஏடிஸ் அலைவரிசையிலேயே கருவியின் குரல் ஒலிக்கிறது. ஒரே அலைவரிசையில் வரும் இரண்டையும் ‘தானியங்கி’ பிரித்துக் காட்டாது.

இந்த வேறுபாடு உயிர் தொடர்பானது. கோபுரம் மூடுமுன் பதிவான பழைய அழுத்த அளவை நம்பி ஒருவர் இறங்குகிறார் என்று கொள்வோம். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மாற்றம், அழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் உயரமானியில் ஏறத்தாழ 30 அடிப் பிழையாகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் நம் கரையைக் கடந்ததைப் போன்ற ஒரு நாளில் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிட்டால், உயரமானி காட்டுவதைவிட 300 அடி தாழ்வாக அவர் பறந்துகொண்டிருப்பார். காற்றும் அப்படித்தான்: பிற்பகலில் கடலிலிருந்து வீசுவது இரவில் கரையிலிருந்து வீசத் தொடங்கினால், இறங்க வேண்டிய ஓடுபாதை முனையே மாறிவிடலாம்.

கருவிக்கும் குறை உண்டு. மேகத்தளம் அளக்கும் கருவி தன் தலைக்கு நேர் மேலே மட்டுமே பார்க்கும். கடல் பக்கம் இடிமேகம் திரள்வதை மனிதக் கண் காண்பதுபோல் அது காணாது. ஆகவே ‘இதை மனிதர் யாரும் பார்த்துச் சொல்லவில்லை’ என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே ஏடிஸுக்குக் ‘கோபுரத் தகவல் ஒலிபரப்பு’ என்றும், ஆவோஸ் ஒலிபரப்புக்குக் ‘கருவி நிலவர ஒலிபரப்பு’ என்றும் முன்மொழிகிறேன். பேச்சில் ‘கோபுரத் தகவல்’, ‘கருவி நிலவரம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘கோபுரம்’ கோயிலை நினைவூட்டும் என்ற அச்சம் வேண்டாம். செல்பேசிக் கோபுரம் பழகிவிட்ட காலம் இது.

கோபுரத் தகவலுக்கு ஆல்ஃபா (A), பிராவோ (B) என்று எழுத்துக்குறி உண்டு. விமானி அதைச் சொல்லித் தாம் கேட்டுவிட்டதை உறுதிசெய்வார். கருவி நிலவரத்துக்கு அது இல்லை, நேரக்குறிப்பு மட்டுமே. அகராதிப் பதிவில் இந்த வேறுபாட்டையும் சேர்க்க வேண்டுகிறேன்.