பீடித் தூசி பத்தின ஆராய்ச்சிக் கட்டுரைகள மேப்பா பாக்க உதவி வேணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, முக்கூடல் பக்கம் பீடி சுத்துத பொம்பளையளோட மூச்சுக் கோளாறு பத்தி தீசிஸ் பண்ணுதேன். மடியில தட்ட வச்சு குனிஞ்சு தூள அள்ளி இலையில போடும்போதே மூக்குல ஏறிரும், அந்தத் தூசியப் பத்தி இதுவரைக்கும் என்ன எழுதிருக்காவன்னு முழுசா தெரியணும். மருத்துவக் கட்டுரைகள தேடுத பப்மெட் வெப்சைட்ல புகையிலை, நுரையீரல்னு தேடுனா ஆயிரக்கணக்குல வந்து விழுது, ஒவ்வொண்ணா படிச்சு மாளாது.

நெதர்லாந்து லைடன் யுனிவர்சிட்டில செஞ்ச வாஸ்வியூவர்ங்கிற, கட்டுரைகள மேப்பா போட்டுக் காட்டுத சாஃப்ட்வேர இறக்கிருக்கேன், ஃப்ரீதான். பப்மெட்ல இருந்து எடுத்த ஃபைல குடுத்தா ஒரே கட்டுரையில ஒண்ணா வார கீவேர்டுகள கலர் கலரா கொத்து கொத்தா காட்டுது, சிகரெட் குடிக்கவுக கொத்து நடுவுல பெருசா கெடக்கு, வேலை செய்யுதவுக விசயம் ஓரத்துல ஒதுங்கி நிக்கி. அதுதான் எனக்கு முக்கியம். ஆனா அந்த ஃபைல்ல ரெஃபரன்ஸ் கெடையாது, அதனால எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரைய மேற்கோள் காட்டுதுங்கிற மேப் வராது. ரெஃபரன்ஸோட கட்டுரை விவரம் தார ஸ்கோபஸ் டேட்டாபேஸ் எனக்குக் கெடைக்காது, அதே மாதிரி இன்னொரு டேட்டாபேஸான டைமென்ஷன்ஸ்ல இருந்து எடுத்துப் போட்டவிய யாராவது இருக்கியளா? எப்படி எக்ஸ்போர்ட் பண்ணணும்?

இன்னொண்ணு, பீடிய ஆளுக்கொரு ஸ்பெல்லிங்ல எழுதுதாவ, எல்லாம் தனித்தனிப் புள்ளியா வருது. எந்தச் சொல்ல எந்தச் சொல்லா மாத்தணும்னு பட்டியல் போட்ட தெசாரஸ் ஃபைல வாஸ்வியூவர்ல குடுத்து சேக்கலாம், மாதிரி ஃபைல் வச்சிருந்தா அனுப்புங்க, கோடி புண்ணியமாப் போவும்.